சிலுவைத்துறையில் கரையேறிய பாவங்கள்

ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் முடிந்து, கோயில் வாசலில் கட்டிய தோரணத்தை அவிழ்க்கக்கூட இன்னும் யாருக்கும் கை வராத ஒரு திங்கட்கிழமை காலையில், சிலுவைத்துறைக் கடலில் சாளைக்கு விரித்த வலைகளில், மீனோடு மீனாக ஊராருடைய பாவங்களும் ஏறி வந்தன. பார்வைக்கு அவை வெறும் கற்கள். கைக்குள் அடங்கும் அளவு, கறுப்பு நிறம், எவ்வளவு வெயிலில் கிடந்தாலும் ஈரம் காய்வதில்லை, அவ்வளவுதான். வலை கிழிகிறதே என்கிற எரிச்சலில் அவற்றைப் பொறுக்கி மணலில் வீசிக்கொண்டிருந்த மொராயிஸ், ஒரு கல்லைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளங்கை சுட்டது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. கல்யாணத்துக்கு முந்தி பக்கத்து ஊர்க்காரன் வள்ளத்திலிருந்து என்ஜினைக் கழற்றிக்கொண்டு வந்தது, அதைப் பழைய பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது, அவர் அபராதமாகக் கொடுத்த ஜெபமாலைகளைச் சொல்லி முடித்துவிட்டு லேசான மனதோடு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டது எல்லாம் ஒன்றுவிடாமல் அவன் முன்னால் வந்து நின்றன. “ஏ, இது என் பாவம்லா!” என்று அவன் கத்தினான். காணாமல் போன செருப்பு கிடைத்துவிட்டதாக ஒருவன் கத்தினால் எப்படித் திரும்பிப் பார்ப்பார்களோ அப்படித்தான் கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச்சாமி ததேயு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சாமி இளவயதுக்காரர், மலைநாட்டிலிருந்து வந்தவர், கடலைப் பார்த்தாலே தலைசுற்றுகிறவர். அவர் சொன்னது ஒன்றும் புதிதல்ல. மனிதர் மனம் வருந்திச் சொல்லிப் பொறுக்கப்பட்ட பாவங்களை ஆண்டவர் மனதில் வைத்துக்கொள்வதில்லை, கடலின் ஆழத்தில் எறிந்துவிடுகிறார், அப்படி எறிந்தவைதான் இவை, பொறுக்கப்படாதது எதுவும் கடலுக்கு வராது, ஆகையால் பயப்பட வேண்டாம் என்றார். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஊர்த் தலைவர் தஸ்நேவிஸ் அவரை மறித்துக்கொண்டார்.

“எறியட்டும் சாமி, வேண்டாங்கல. உலகத்துல எவ்வளவு கடல் கெடக்கு. ஆண்டவருக்கு நாங்க வலை விரிக்கிற எடந்தானா கெடச்சுது?”

சாமி அங்கிப் பைக்குள் கையை விட்டார். அங்கேயும் ஒரு கல் கிடந்தது. குருமடத்தில் படித்த காலத்துக் கல். அவர் மாற்றலாகி வந்தபோது அதுவும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்திருக்க வேண்டும்.

முதலில் ஊர் வெட்கப்பட்டது. வள்ளம் கரைக்கு வரும் நேரத்தில் கடற்கரைக்குப் போகப் பெண்கள் கூசினார்கள். ஆண்கள் தத்தம் கல்லை இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்பில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். சிலர் ஆழ்கடலுக்குக் கொண்டுபோய் வீசிவிட்டு வந்தார்கள், மறுநாள் அது அடுத்தவன் வலையில் ஏறி வந்து, அவனும் ‘இது யாருது, இது யாருது’ என்று கூவிக்கொண்டே தெருத்தெருவாக வந்ததில் மானம் போனதுதான் மிச்சம். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாலு கல் கிடக்க, யாரைப் பார்த்து யார் சிரிப்பது என்று ஆகிவிட்டது. வெட்கம் தேய்ந்து பழக்கமாயிற்று. சென்னையில் வாத்தியார் வேலை பார்க்கும் ஒருவர் வாரம் தவறாமல் தன் தம்பிக்குப் போன் போட்டு, ‘நம்மளுது ஏதும் வந்துச்சாடே’ என்று தணிந்த குரலில் கேட்பார்.

கல்லின் குணத்தையும் ஊர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. பாவம் செய்தவர் எடுத்தால் கை சுடும், வாய் உப்புக் கரிக்கும். சம்பந்தமில்லாதவர் எடுத்தால் வெறும் ஈரக்கல். அந்தப் பாவத்தால் அடிபட்டவர் எடுத்தால் கை மட்டும் சுடும், வாய் கரிக்காது. இந்தக் கடைசிக் குணத்தைக் கண்டுபிடித்தவள் மொராயிஸின் பெண்டாட்டி பவுலின். வாசலைக் கூட்டும்போது புருசனுடைய கற்களில் ஒன்றை நகர்த்தப் போனவள், கையை உதறிக்கொண்டு, “இது எதுக்கு என் கையில சுடுது?” என்று கேட்டாள். மொராயிஸ் சட்டையை மாட்டிக்கொண்டு தன் அக்காள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டான்.

மீன் ஏலக்காரர் மரியநாயகத்துக்கு மட்டும் ஒரு கல்லும் வரவில்லை. அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு, ஊரிலேயே பாவமில்லாத மனுசன் தான் ஒருத்தன்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. “பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் போயி எத்தன வருசமாச்சுன்னு சொல்லும் அண்ணாச்சி. சொல்லாதது எப்படி வரும்?” என்றாள் பவுலின்.

மேற்குத் தெருவைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லி, கடலுக்குள் வளைத்துக் கல் அடுக்கித் தரச் சொல்லி, ஊரார் மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்திருந்தார்கள். ஒரு நாள் தஸ்நேவிஸ், யாரிடமும் கேட்காமல், தன் வீட்டு வாசலில் கிடந்த கற்களை எல்லாரும் பார்க்கக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போய், தெரு முடிகிற இடத்தில் கடலோரமாக அடுக்கினார். தலைவரே அடுக்கும்போது மற்றவர்களுக்கு என்ன. மறுநாள் ஒரு தெரு அடுக்கியது, அதற்கு மறுநாள் இன்னொரு தெரு அடுக்கியது, பொய்யும் களவும் கள்ளக்காதலும் கூடப்பிறந்தவனை ஏமாற்றியதும் பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்றாததும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கடலுக்குள் ஒரு வளைவு நீண்டது. அந்த மழைக்காலத்தில் கடல் மேற்குத் தெருவுக்குள் வரவில்லை.

இப்படி ஊரே தன் கல்லைக் கண்டு முகம் சுளித்தோ சிரித்தோ பிழைத்துக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு கல் வந்துவிடாதா என்று ஏங்கி ஏங்கித் தினமும் கரைக்கு வந்தவள் ஒருத்தி உண்டு. கருவாடு காயப்போட்டுப் பிழைக்கும் கித்தேரி. அவள் ஏங்கியது தன் கல்லுக்காக அல்ல, தன்னுடையவை முதல் வாரத்திலேயே வந்து வாசலில் கிடந்தன. செத்துப்போன தன் புருசன் எஸ்தாக்கியின் கல்லுக்காக.

எஸ்தாக்கியின் கதை ஊருக்குத் தெரிந்த அளவில் இதுதான். கித்தேரிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, சலேத். காற்று சரியில்லாத ஒரு நாளில் எஸ்தாக்கி அவனைத் தன் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனான். வள்ளம் கவிழ்ந்தது. எஸ்தாக்கி மட்டும் நீந்தி வந்தான். சலேத்தின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரத்தில் ஒரு காலை, எஸ்தாக்கி வலைக்கொட்டகைக்குள் போய்த் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மச்சினனைப் பறிகொடுத்த குற்ற உணர்ச்சி தாங்காமல் செய்துவிட்டான் என்று ஊர் பேசியது. தானாகத் தேடிக்கொண்ட சாவு என்பதால் அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க அன்றைய ஊர்க் கமிட்டி சம்மதிக்கவில்லை. தெற்கு மதிலுக்கு வெளியே, முள் உடைமரங்களுக்கு நடுவில், ஜெபமில்லாமல், மணியடிக்காமல், குழி தோண்டி மூடினார்கள். கித்தேரிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அன்று முதல் அவள் தனி. தம்பியையும் புருசனையும் ஒரே மாதத்தில் இழந்தவள் என்று ஊர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது, ஆனால் பரிதாபப்படுகிறவர்கள் அதிகநேரம் பக்கத்தில் உட்காருவதில்லை. ஒருத்திக்கு எவ்வளவு சோறு பொங்குவது என்று அவளுக்கு இத்தனை வருசமாகியும் பிடிபடவே இல்லை, எப்போதும் ஒரு கை அரிசி கூடிவிடும், மிஞ்சியதைக் காக்கைக்குப் போடுவாள். கருவாட்டைப் புரட்டும்போது, “ஏ, தள்ளிப் படு, ஒனக்கு மட்டுமா எடம்” என்று மீனோடு பேசுவாள். நாள் முழுக்க அவள் பேசிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

வருசத்தில் கல்லறைத் திருநாள்தான் அவளுக்கு மிகவும் கொடிய நாள். ஊரெல்லாம் தோட்டத்துக்குள் கூடி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, சாமி ஒவ்வொரு கல்லறையாக வந்து மந்திரித்த தண்ணீர் தெளிக்கும்போது, அவள் மதிலுக்கு வெளியே ஒரு மண்மேட்டின் முன்னால் ஒற்றைத் திரியோடு முழந்தாளிட்டிருப்பாள். உள்ளே ஊர் சொல்லும் ஜெபத்துக்கு வெளியேயிருந்து மறுமொழி சொல்வாள். தண்ணீர் மதிலைத் தாண்டி வந்து விழுந்ததில்லை.

கற்கள் வரத் தொடங்கிய சில நாட்களில் அவள் ததேயு சாமியிடம் போய், எஸ்தாக்கியை உள்ளே எடுத்து வைக்கக் கேட்டாள். சாமிக்குச் சம்மதம். திருச்சபை இப்போது அவ்வளவு கண்டிப்பாக இல்லை, கடைசி மூச்சில் ஒரு மனிதன் மனதில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார். ஆனால் கல்லறைத் தோட்டம் கமிட்டியின் பொறுப்பு. கோயில் வாசலில் வைத்து அவள் தஸ்நேவிஸிடம் கேட்டாள்.

“கித்தேரி, நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல,” என்றார் அவர். “ஆனா சாகுறதுக்கு முந்தி ஒரு வார்த்த சாமிகிட்ட சொன்னானா? சொல்லல. பொறுக்கப்பட்டவங்க படுத்திருக்க எடத்துல அவன எப்படிக் கொண்டாந்து வைக்கது?”

“பொறுக்கப்படலன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

“பொறுக்கப்பட்டுச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

தலைவர் கடலைக் காட்டி, நியாயமாகத்தான் ஒரு வார்த்தை சொன்னார்.

“கல்லு வரட்டும். அந்தச் சாவு ஒனக்குச் செஞ்ச பாவந்தான. ஒன் கையில சுடணும்லா. சுட்டா, கல்லறைத் திருநாளுக்குள்ள அவன உள்ள எடுத்து வச்சிருதேன். கோயில் வாசல்ல நின்னு சொல்லுதேன், மாற மாட்டேன்.”

அன்றிலிருந்து கரைக்கு வந்த ஒவ்வொரு கல்லையும் கித்தேரி தொட்டாள். வள்ளம் கரையேறியதும் முதல் ஆளாக நிற்பாள். “யக்கா, இந்தா, பாத்துக்கோ” என்று இரக்கமுள்ளவர்கள் கையில் கொடுத்தார்கள், பொறுமையில்லாதவர்கள் அவள் காலடியில் கொட்டினார்கள். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக் காத்திருப்பாள். எல்லாம் ஈரம், எல்லாம் சில்லிப்பு. சுருக்குப்பை களவாடிய கல், வாக்குப் பொய்த்த கல், ஊர் முழுவதும் பொறுக்கப்பட்டிருந்தது, அவள் புருசன் ஒருத்தனைத் தவிர. வைகாசி போய், ஆடிக் காற்று ஓய்ந்து, ஆவணி கழிந்தது. அவள் கைரேகைகளில் கறுப்பு ஏறிவிட்டது. ஆண்டவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. ‘மரியநாயகம் ஏலத்துல பண்ணுத அநியாயத்தக்கூட அவன் வாயத் தொறந்து சொன்னா பொறுப்பீரு, செத்தவனுக்கு வாய் ஏது’ என்று பீடத்தைப் பார்த்துச் சண்டை போட்டாள்.

ஐப்பசியில் ஒரு மழைநாள். மொராயிஸின் வலையில் மீனே இல்லை, ஒரே ஒரு கல் மட்டும் கிடந்தது. மற்றவற்றைவிட அது சிறியது. கித்தேரி அதைக் கையில் வாங்கினாள். சுட்டது.

அவள் முகம் மாறியதை மொராயிஸ்தான் முதலில் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் மழையையும் பொருட்படுத்தாமல் வலைக்கொட்டகைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். “யக்காவுக்குச் சுட்டுட்டு! எஸ்தாக்கி அண்ணன் கல்லு வந்துட்டு!” யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். தஸ்நேவிஸ் குடையைக்கூட மறந்துவிட்டு வந்து, கண்கலங்கி, “சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான், கித்தேரி” என்றார். பவுலின் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த மகிழ்ச்சி ஆரவாரத்துக்கு நடுவில் கித்தேரி வாயைத் திறக்காமல் நின்றாள். அவள் வாய் முழுக்க உப்புக் கரித்தது.

கல் அவனுடையது இல்லை. அவளுடையது.

மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். இத்தனை வருசமாக வாசலோடு போனவர்கள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். ஒருத்தி புட்டு அவித்துக் கொண்டுவந்தாள், ஒருத்தி அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள், பவுலின் தன் புருசனின் கோமாளித்தனங்களை எல்லாம் சொல்லி அவளைச் சிரிக்கவைத்தாள். கித்தேரி பொங்கிய சோறு முதன்முறையாகப் பற்றாமல் போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டியாகிவிட்டது, புதுப்பெட்டிக்குத் தச்சனிடம் சொல்லியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எஸ்தாக்கி உள்ளே வந்துவிடுவான், இந்த வீட்டிலும் மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டையும் நினைக்கும்போது கல்லைவிட நெஞ்சு அதிகமாகச் சுட்டது.

எஸ்தாக்கியை எடுத்து வைக்க வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டுக்குப் போனபிறகு, அவள் கதவைச் சாத்திவிட்டுக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊருக்குத் தெரியாத அந்தக் காலை, அதன் உப்போடு வந்து அவள் முன் நின்றது.

தம்பி போனதற்கடுத்த வாரம். எஸ்தாக்கி சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். கட்டிய நாளிலிருந்து ‘நீங்க’ என்று தவிர வேறு சொல்லாதவள், அன்று, “அவன் வரல. நீ எதுக்கு வந்த? நீ போயி அவன் வந்திருக்கக்கூடாதா?” என்றாள். எஸ்தாக்கி அவளை நிமிர்ந்து பார்த்தான். “வந்திருக்கலாம்” என்றான். அவ்வளவுதான். பிறகு எழுந்து, குடங்களை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனான். ஆண்கள் தண்ணீர் எடுக்கும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது, குழாயடியில் பெண்கள் கேலி பேசினார்கள். அவன் நாலைந்து நடை நடந்து, வீட்டிலிருந்த குடம், தவலை, செம்பு, உலைப்பானை எல்லாவற்றையும் விளிம்புவரை நிரப்பி, ஒவ்வொன்றையும் தட்டால் மூடிவைத்துவிட்டு, வலைக்கொட்டகைக்குப் போனான்.

இத்தனை வருசமும் அந்தத் தண்ணீரை அவள் சாபம் என்று நினைத்திருந்தாள். ‘நீ சொன்ன மாதிரி போகுதேன், நீ நல்லா இரு’ என்று அவன் குத்திக்காட்டியதாக நினைத்து, அவன்மேல் ஆத்திரப்பட்டாள். ஒரு வார்த்தைக்காக இப்படியா செய்வது, என்னை இப்படியா தனியாக விடுவது என்று தினமும் அவனோடு மனதுக்குள் சண்டை. அதனால்தான் அந்த வார்த்தையை அவள் எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை. ஊரோடு வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தபோதெல்லாம் மற்றதைச் சொல்லுவாள், அதை மட்டும் தொண்டைக்குள் வைத்துக்கொள்வாள். வருந்தாத பாவம், சொல்லாத பாவம். அது எப்படிக் கடலுக்குப் போயிற்று? அப்போதுதான் மூடிவைத்த அந்தக் குடங்கள் அவளுக்கு வேறாகத் தெரிந்தன.

சாவு வீட்டுக்கு அத்தனை பேர் வருவார்கள், அத்தனை பேருக்கும் கைகால் கழுவவும் குடிக்கவும் தண்ணீர் வேண்டும், அழுதுகொண்டிருக்கிறவள் குடம் தூக்கிக்கொண்டு குழாயடியில் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறான், பாவி மனுசன். சாகப் போகிறவன் அவள் தாகத்தை நினைத்திருக்கிறான். கோபத்தோடு போகிறவன் குடத்தை மூடிவைக்கமாட்டான். அந்த வார்த்தையால் அடிபட்டவன் ஒருத்தன்தான். அவன் அதைப் பொறுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அவன் பொறுத்ததை மேலே இருக்கிறவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒப்புக்கொண்டு தன் கையாலேயே கடலில் எறிந்திருக்கிறார்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தின் தெற்கு மதிலருகே ஊர் கூடியிருந்தது. மண்வெட்டியோடு இரண்டு பேர் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ததேயு சாமி தோளில் அடக்கச் சடங்குக்கான ஊதாப் பட்டையோடு வந்திருந்தார். கித்தேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கல்லை உயர்த்திப் பிடித்தாள்.

“இது அவரு கல்லு இல்ல. என் கல்லு. என் வாயி கரிக்குது.”

யாருக்கும் விளங்கவில்லை. அவள் விளங்கும்படி சொன்னாள். அந்தக் காலையில் தான் சொன்ன வார்த்தையை, சொன்ன அதே சொற்களில், சொன்ன அதே ‘நீ’யோடு ஊருக்கு முன்னால் திரும்பச் சொன்னாள். அவன் நிரப்பி வைத்த தண்ணீரையும் சொன்னாள். தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற பவுலினின் கை மெதுவாக விலகியது. “அப்ப நீயா?” என்று பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “அந்த மனுசன அனுப்புனது நீயாட்டி?”

“நாந்தான்,” என்றாள் கித்தேரி. “இத நான் எந்தச் சாமிகிட்டயும் சொன்னதில்ல.”

“சொல்லாட்டாலும் மனசுக்குள்ள வருந்தியிருப்பீங்க அம்மா. அது போதும் ஆண்டவருக்கு,” என்றார் ததேயு சாமி, அவளுக்கு ஒரு கைப்பிடி கொடுக்கிறவராக.

“வருந்தல சாமி. கோவந்தான் பட்டேன். நேத்து மத்தியானம் வரைக்கும் அவரு மேல கோவமாத்தான் இருந்தேன். பெறவு இத யாரு பொறுத்தா? சொல்லாதத, வருந்தாதத யாரு பொறுத்துக் கடல்ல போட்டா? அடிபட்டவரு ஒருத்தருதான இருக்காரு.” அவள் மண்மேட்டைக் காட்டினாள். “சாகப் போற நேரத்துல ஒருத்தியப் பொறுத்துட்டுப் போற மனுசன, ஆண்டவரு வாசல்ல நிறுத்தி வச்சிருப்பாரா? நீங்க நிறுத்தி வச்சீங்க. அவரு நிறுத்த மாட்டாரு.”

தஸ்நேவிஸ் ஒரு அடி முன்னால் வந்தார். “நான் கேட்டது அவன் கல்லு, கித்தேரி.”

“தெரியும்ணே. அது வரல. இனி எனக்கு அது வேண்டாம். அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மதில நீங்க எங்க வேணும்னாலும் வச்சுக்கோங்க.”

சொல்லிவிட்டு அவள் ஊருக்கு முதுகைக் காட்டி, மண்மேட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். பவுலின் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். புட்டு கொண்டுவந்தவளும் போனாள், தலை பின்னிவிட்டவளும் போனாள். இனி அவர்கள் வரமாட்டார்கள் என்று கித்தேரிக்குத் தெரிந்தது, அது வலித்தது, ஆனாலும் அவள் கூப்பிடவில்லை.

மண்வெட்டிக்காரர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தஸ்நேவிஸ் வெகுநேரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மதிலுக்கு உள்பக்கம் அவருடைய அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், தனக்கென்று அவர் பார்த்து வைத்த இடமும் இருந்தது. அவர் வாசலில் குவிந்து கிடந்த கற்களில் எத்தனை, மன்னிப்புக் கேட்ட பிறகுகூட அடுத்தவனைப் பொறுக்காமல் விரட்டியடித்ததற்காக வந்தவை என்று அவருக்குத் தெரியும். கடைசியில் அவர் சொன்னது சாமிக்கும் அந்த இரண்டு ஆட்களுக்கும் மட்டும்தான் கேட்டது.

“பொறுத்தவன வெளிய படுக்க வச்சிட்டு, பொறுக்கப்பட்டவன் நான் உள்ள எப்படிப் படுக்கது? மேட்டத் தோண்டாதீங்க. செத்தவன அசைக்க வேண்டாம். கடப்பாரய எடுத்துட்டு வாங்கடே, மதில அவனுக்கு அந்தப் பக்கமா நகத்திக் கட்டுவோம்.”

முதல் அடி விழுந்தபோது உடைமரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. செங்கல் செங்கலாகப் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. சாமி வந்து அவள் தோளைத் தொட்டு, பார்க்கச் சொன்னார். கித்தேரி திரும்பவில்லை. இத்தனை வருசத்தில் தம்பிக்காக அழுதிருக்கிறாள், தனக்காக அழுதிருக்கிறாள், புருசனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது மண்மேட்டில் நெற்றியை வைத்து அழுதாள். செங்கற்புழுதி அவள் முதுகில் படிந்தது.

“கேக்காமலே பொறுத்துட்டுப் போயிட்டியளே,” என்றாள் அவனிடம். “ஒரு தடவ என்னக் கேக்க விட்டிருக்கக்கூடாதா?”